சிஓஎஸ் வாங்கித் தருகிறோம் என்றவர்களிடம் 4,800 பவுண்டு போன விவரம்

4,800 பவுண்டு. மூன்று தவணையாகப் போனது: முதலில் 600, அடுத்து 3,200, கடைசியில் 1,000. பிரிட்டனில் மெக்கானிக்கல் இன்ஜினியர் வேலை, ஸ்கில்டு ஒர்க்கர் விசா, ஸ்பான்சர் தயார் என்று சொன்ன ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சிக்குக் கொடுத்த பணம். சிஓஎஸ் (சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்) என்பது இந்த விசாவுக்காக முதலாளி, அதாவது ஸ்பான்சர், ஆளுக்கு ஒதுக்கும் பதிவு. ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. அந்தப் பெயரை அவர்களே இதற்குள் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆளைச் சிக்கவைக்கும் முறையை மாற்ற மாட்டார்கள், அதனால் அதை எழுதுகிறேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதினால்தான் தேதியும் தொகையும் சரியாக வரும்.

முதல் 600 பவுண்டு 'ஃபைல் ஓப்பனிங்'. இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டம். நடிப்பு, மாடலிங் போன்ற சில துறைகளுக்குத்தான் விலக்கு. இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ரசீதில் 'வேலை' என்ற சொல்லே இல்லை, 'ஆவணத் தயாரிப்புச் சேவை' என்று போட்டிருந்தார்கள். பயோடேட்டா எழுதித் தர ஏஜென்சி தனியாகக் காசு கேட்கலாம். ஆனால் அதை வாங்கினால்தான் வேலைக்கு அனுப்புவோம் என்று நிபந்தனை போடக் கூடாது. போட்டார்கள். கொடுத்தேன்.

அடுத்தது நேர்காணல். நம்பிக்கை வந்தது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாற்பது நிமிட வீடியோ கால். எதிரில் இருந்தவர் கேட்டது எல்லாமே வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்வி. ஷாஃப்ட் சுழலும்போது பேரிங்கின் உள் வளையத்துக்கு என்ன ஃபிட் கொடுப்பீர்கள், ஏன்? டிராயிங்கில் டாலரன்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது எங்கே கணக்கு தப்பும்? ஒரு கேள்விக்கு என் பதில் பாதிதான் சரி, அதை அவர் திருத்தவும் செய்தார். மோசடிக்காரன் பேரிங் ஃபிட் பற்றிப் பேசுவான் என்று யாருக்குத் தோன்றும்? இப்படிப்பட்ட கேள்வித்தாள் எல்லாத் துறைக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

இரண்டு நாளில் ஆஃபர் லெட்டர் வந்தது. கூடவே ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் தமிழிலேயே பேசினார். "அண்ணா, எங்களை நம்பவே வேண்டாம். அரசாங்கத்தோட ஸ்பான்சர் லிஸ்ட் ஆன்லைன்ல இருக்கு, நீங்களே கம்பெனி பேரைத் தேடிப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் பணம் போடுங்க." அரசு தளத்தில் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவில் ஏ ரேட்டிங்கும் இருந்தது. அதைப் பார்த்த கையோடு 3,200 பவுண்டு அனுப்பினேன்.

அந்த நிறுவனம் உண்மையானது. உரிமமும் உண்மையானது. என்னிடம் பேசியவர்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இன்ன நிறுவனத்துக்கு ஆள் எடுக்க உரிமம் இருக்கிறது என்பதை மட்டும்தான் பட்டியல் சொல்லும். அங்கே இப்போது ஆள் எடுக்கிறார்களா, உங்களோடு பேசுகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்பதை அது சொல்லாது. ஆஃபர் லெட்டர் வந்த மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு, அதன்பின் 'கேரியர்ஸ்' என்று இருந்தது. நிறுவனத்தின் சொந்த முகவரியில் அந்தக் கோடு கிடையாது. அந்த டொமைன் பதிவாகி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பணம் போன பிறகுதான் பார்த்தேன்.

அந்த 3,200க்கு ஒரு இன்வாய்ஸும் கொடுத்தார்கள். சிஓஎஸ் கட்டணம் 525, மீதி 2,675 'ஸ்கில்ஸ் சார்ஜ் மற்றும் நிர்வாகம்'. 525 என்பது சரியான எண்தான், 2025 ஏப்ரல் 9 முதல் சிஓஎஸ் கட்டணம் அதுவாகத்தான் இருந்தது. பொய்க்கு நடுவில் இப்படி ஒரு உண்மையான எண்ணைச் செருகிவைப்பார்கள், தேடிப் பார்ப்பவர் "சரியாகத்தானே இருக்கிறது" என்று அமைதியாகிவிடுவார். ஆனால் அந்த 525ஐக் கட்ட வேண்டியது முதலாளி. 2024 டிசம்பர் 31 முதல் ஸ்கில்டு ஒர்க்கருக்குக் கொடுக்கும் சிஓஎஸ் கட்டணத்தை வேலையாளிடம் வசூலிக்கக் கூடாது. இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை, அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி அரசுக்குக் கட்டும் கட்டணத்தை, எப்போதுமே வசூலிக்கக் கூடாது. வசூலித்தால் நிறுவனத்தின் உரிமமே பறிபோகும். உரிமம் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் உங்களிடம் சில ஆயிரம் பவுண்டு வாங்குவதற்காக அதைப் பணயம் வைக்காது.

பணம் போட்ட கணக்கு ஏஜென்சி பெயரில்கூட இல்லை, ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "எங்க ஃபைனான்ஸ் டைரக்டர் அக்கவுண்ட்தான் அண்ணா, கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா வெளிநாட்டுப் பணம்னு ஹோல்டு பண்ணிடுவாங்க." இந்தப் பதிலைக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு சிஓஎஸ் வந்தது. பிடிஎஃப். மேலே அரசுச் சின்னம், கீழே நீல முத்திரை, ஒரு கையெழுத்து, மூலையில் க்யூஆர் கோடு. சிஓஎஸ் என்பது சுவரில் மாட்டும் சான்றிதழ் அல்ல. ஹோம் ஆபீஸின் (பிரிட்டன் உள்துறை) ஸ்பான்சர் கணினி அமைப்பில் முதலாளி உருவாக்கும் மின்பதிவு அது. உங்களுக்குத் தேவை அதன் எண்ணும் அதில் பதிந்த விவரங்களும். முத்திரையும் கையெழுத்தும் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். என்னிடம் வந்த தாளை இப்போது மறுபடி பார்க்கிறேன், தப்பு கண்ணைக் குத்துகிறது. 'ஆறு மாதம் செல்லுபடியாகும்' என்று போட்டிருக்கிறது. உண்மையில் சிஓஎஸ் ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஒதுக்கிய தேதி என் நேர்காணலுக்கு நாலு நாள் முந்தியது. வேலை குறியீடு 2122, அது மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு உரியதுதான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற இடம் மட்டும் காலி. சம்பளத்தை மணி நேரக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள், அந்த இடத்தைக் காலியாக விட்டு யாரும் பதிவு செய்ய முடியாது.

சம்பளமே பொருந்தவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். ஆஃபர் 39,500 பவுண்டு. 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு 41,700, அல்லது அந்த வேலைக்குரிய நிர்ணயச் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அது. 26 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், புதிதாகப் படிப்பு முடித்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் வரம்பு குறையும், நான் அதில் வரவில்லை. கேட்டதற்கு, "ஜாயின் பண்ணினதும் அலவன்ஸ் சேர்த்துக் கணக்கு காட்டிடுவோம்" என்றார்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் இதே கதை: "கம்பெனி லெட்டர் போதும், ஐஈஎல்டிஎஸ் வேண்டாம்." முதலாளி எழுதிக் கொடுக்கும் கடிதம் ஆங்கிலத் தகுதிக்கு ஈடாகாது. 2026 ஜனவரி 8 முதல் இந்த விசாவுக்கு முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குத் தேவையான ஆங்கில நிலையை பி1லிருந்து (நடுத்தரம்) பி2க்கு (அதற்கு மேல்படி) உயர்த்தியும் விட்டார்கள்.

கடைசி 1,000 பவுண்டு 'மெயின்டனன்ஸ் டெபாசிட்'. விசா கிடைத்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள். விதியில் மெயின்டனன்ஸ், அதாவது போனதும் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று காட்டுவது, உண்டு, ஆனால் அது இப்படி இல்லை. 1,270 பவுண்டு உங்கள் சொந்தக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், அல்லது ஏ ரேட்டிங் ஸ்பான்சர் சிஓஎஸ்ஸிலேயே பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பணத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவைக்கும் நடைமுறை எங்குமே இல்லை. இதோடு 4,800.

அதன்பிறகு வந்த பதில்களை அப்படியே வரிசையாகப் போடுகிறேன், உங்களுக்கும் இதே வரிசையில் வரும். முதல் வாரம்: "ஹோம் ஆபீஸ்ல பேக்லாக் அண்ணா." அடுத்த வாரம்: "பேங்க் ஹாலிடே, கம்ப்ளையன்ஸ் டீம் லீவு." பிறகு: "உங்க ஃபைல் சீனியர் மேடம் டேபிள்ல இருக்கு." அந்தச் சீனியர் மேடம் யார் என்று கேட்டால் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. அண்ணா போய் 'மிஸ்டர்' ஆனேன். "உங்களோட 14 பேர் வெயிட் பண்றாங்க, யாரும் இப்படிப் பேசல. ரீஃபண்ட் பாலிசி படிச்சீங்களா? தொண்ணூறு வேலை நாள்." அந்தத் தொண்ணூறு வேலை நாள் எதற்கு என்பது பிறகுதான் புரிந்தது. நாள் கடக்கக் கடக்க வங்கியில் எதையும் மீட்க முடியாமல் போகும்.

23ஆவது நாள், நிறுவனத்தின் சொந்த வலைத்தளத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அப்படி ஒரு காலியிடம் கிடையாது, அந்த மின்னஞ்சல் தங்களுடையது அல்ல, இதையே கேட்டு ஏற்கெனவே சிலர் அழைத்திருக்கிறார்கள் என்றார்கள். இந்த மூன்று நிமிடத்தை முதல் நாளே செலவழித்திருந்தால் 4,800 பவுண்டும் கையில் இருந்திருக்கும்.

வங்கியில் சொன்னது: கணக்கிலிருந்து கணக்குக்கு நாமே அனுப்பிய பணத்தைத் திருப்பக் கேட்கலாம், ஆனால் பெற்றவர் சம்மதிக்க வேண்டும், அல்லது அந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருந்து அந்த வங்கி முடக்கிவைத்திருக்க வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக் (கார்டு கொடுத்த வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்க ஒரு வழி உண்டு. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்து அனுப்பியவர்களுக்கு வங்கியே ஈடு தரும் விதி இருக்கிறது, ஆனால் அது பிரிட்டன் கணக்குகளுக்கு இடையே நடக்கும் பரிமாற்றத்துக்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்துக்குப் பொருந்தாது. அவர்கள் கார்டு வேண்டாம், டிரான்ஸ்ஃபர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த காரணம் இப்போது தெரிகிறதா?

எப்படித் தப்பிப்பது என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போதைக்குக் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

பட்டியலில் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். நிறுவனத்தின் வலைத்தளத்தை நீங்களாகத் தேடி, அதில் உள்ள எண்ணுக்கு அழைத்து, ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டவர் அங்கே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். லெட்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

விசா கட்டணம், ஆண்டுக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவ வசதிக்கான கட்டணம்) இரண்டும் அரசு தளத்தில் நீங்களே கட்டுபவை. யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

விசா ஆலோசகர் என்று சொல்பவர் பிரிட்டனில் இருந்தால் இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியின் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடுங்கள். வழக்கறிஞர் என்றால் அவர்களுடைய தொழில் அமைப்பின் பதிவேடு. வெளிநாட்டில் உட்கார்ந்து ஆலோசனை சொல்பவரை இந்தப் பதிவேடு கட்டுப்படுத்தாது.

சிஓஎஸ் பொய் என்று சந்தேகம் வந்துவிட்டால் அதை வைத்து விசாவுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். பொய்யான ஆவணம் கொடுத்து ஏமாற்றியதாக முடிவெடுத்தால் பத்து வருடத் தடை வரலாம். பணம் போனதோடு பத்து வருடமும் போகும்.

பணம் அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போங்கள். "இன்னும் இரண்டு நாள் பொறுங்க அண்ணா" என்பார்கள், பொறுக்காதீர்கள். நான் 23 நாள் கழித்துப் போனேன், அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை.