மாரிக்கு ஒரு ஸ்கைரிம், கச்சானுக்கு ஒரு ஸ்கைரிம்

ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேமுக்கு மொட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) போடுகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது, "எத்தனை எஃப்பிஎஸ் வருது?" ஒரு செகண்டுக்கு எத்தனை படம், அதாவது ஃப்ரேம், வருகிறது என்ற கணக்கு அது. எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. திரை மூலையில் 60 என்று காட்டிக்கொண்டே கேம் விக்கி விக்கி ஓடும். 45-இல் வழுக்கிக்கொண்டு ஓடவும் செய்யும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்ட். நடுவில் ஒரு ஃப்ரேம் 80-க்கு ஏறினாலும் சராசரியில் அது தெரியாது, கண்ணுக்குத் தெரிந்துவிடும். அக்காவின் மகன் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மாமா, தண்ணி நல்ல வடிவா இருக்கு, குதிரைதான் ஏன் விக்கி விக்கிப் போகுது?" என்று கேட்டான். சரியான கேள்வி அதுதான்.

பெட்டி ஒன்றும் பெரிதில்லை. பாவித்த ஆபீஸ் கம்ப்யூட்டர், ஐ5, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. இந்தக் கார்டு 75 வாட்ஸோடு நின்றுவிடும். என்னிடம் உள்ள மாடலுக்குத் தனிப் பவர் கேபிளும் வேண்டாம், ஆபீஸ் பெட்டியின் பவர் சப்ளையே தாங்கும். சிக்கல் அதன் 4 ஜிபி மெமரியில்தான்.

கணக்கு எளிது. டெக்ஸ்சர் என்பது பொருளின் மேல் போர்த்தும் படம். சுருக்கப்பட்ட 4கே டெக்ஸ்சர் ஒன்று ஏறக்குறைய 21 எம்பி பிடிக்கும், 2கே என்றால் 5 சொச்சம். ஒரு பாறைக்கு நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். கார்டின் மெமரி நிரம்பியதும் மிச்சம் சாதாரண ரேமுக்கு வழிகிறது. அங்கிருந்து திரும்பக் கொண்டுவரும் நேரத்தில்தான் குதிரை விக்குகிறது. ஆகவே என் வழக்கம்: மலை, சாலை, நகரச் சுவர் 2கே. கரண்டி, கூடை, பீப்பாய் எல்லாம் 1கே. கூடையின் பின்னலை 4கே-யில் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? 4கே-யில் வைத்திருப்பது நான் போட்டிருக்கும் கவசம் மட்டும், அது எப்போதும் கண்முன் நிற்பதால்.

சோதிப்பதற்கு நின்ற இடத்தில் நிற்கக் கூடாது. கேமில் ரிவர்வுட் ஊரிலிருந்து வைட்ரன் நகருக்கு ஆற்றங்கரையோடு இறங்கும் பாதையில் குதிரையை ஓடவிடுங்கள். இந்த எஞ்ஜின் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நம்மைச் சுற்றி 5க்கு 5, அதாவது 25 கட்டங்களை முழுதாக ஏற்றி வைத்திருக்கிறது. கட்டம் மாறும்போதுதான் விக்கல் வரும். தூரம் நன்றாகத் தெரியட்டும் என்று சிலர் அந்த எண்ணை 7 ஆக்குவார்கள். கட்டங்கள் 49 ஆகிவிடும், சேவும் (சேமித்த ஆட்டமும்) அந்த எண்ணோடு சிக்கிக்கொள்ளும். அதைத் தொடாதீர்கள். தூரக் காட்சிக்கு டைன்டோலாட் என்ற கருவி இருக்கிறது, 'லோ' தெரிவே போதும். கேமை எஸ்எஸ்டி-க்கு மாற்றுவது எந்த மொட்டையும்விடப் பெரிய உதவி.

மறுகா, 60-க்கு மேல் ஓடவிட ஆசைப்படுகிறவர்களுக்கு: இந்தக் கேமின் பௌதிகம் ஃப்ரேம் வேகத்தோடு கட்டப்பட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் மேசைத் தட்டுகள் தானாகப் பறக்கும். எஸ்எஸ்இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ் என்ற மொட் அதைச் சரிசெய்கிறது. நான் அதை வைத்திருப்பது வேகத்தைக் கூட்ட அல்ல, கட்டிப்போட.

ஏனென்றால் இங்கே கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் அறையே அடுப்புப் போல் இருக்கிறது. மின்விசிறியும் சூட்டைத்தான் வாரி இறைக்கும். கார்டு 80 பாகையைத் தாண்டினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காலையில் நன்றாக ஓடிய மொட் பட்டியல் பின்னேரம் திணறுவது அதனால்தான். மட்டக்களப்புக் கல்லடியில் கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு ஈரத்தில் தூசி விசிறியில் பசை மாதிரி ஒட்டும். மாதம் ஒருமுறை பிரஷ் போடாமல் சரிவராது.

அதற்கு நான் கண்ட வழி, மொட்களை நிர்வகிக்கும் மொட் ஆர்கனைசர் 2-இல் இரண்டு ப்ரொஃபைல். மாரிக்கு ஒன்று: அடர்ந்த புல், வெளிச்சத்தையும் நிழலையும் அழகாக்கும் ஈஎன்பி. கச்சானுக்கு மற்றது: ஈஎன்பி-யைக் கழற்றிவிட்டு அதைவிட இலகுவான கம்யூனிட்டி ஷேடர்ஸ், புல்லைக் குறைக்க iMinGrassSize என்ற எண் 20-க்குப் பதில் 60 (எண் கூடினால் புல் குறையும்), வேகம் 50-இல் பூட்டு. ஈஎன்பி கோப்புகள் கேம் ஃபோல்டரிலேயே இருப்பவை, ஆகவே அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் சேவ் ஒன்றே. அது உடையாமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு: ப்ளகின் (கேம் ஏற்றும் மொட் கோப்பு) பட்டியல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டெக்ஸ்சரையும் வெளிச்சத்தையும் நடுவில் மாற்றலாம். ஸ்கிரிப்ட் உள்ள மொட்டை நடுவில் பிடுங்கினால் சேவ் கெட்டுப்போகும்.

ஈஎன்பி இல்லாமல் கண்ணுக்குக் குறைகிறதா? ஃபால்க்ரீத் காட்டுக்குள் பின்னேர வெயில் விழும்போது குறைகிறது, மறுக்கவில்லை. குகைக்குள், சண்டையில், மழையில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அந்த அழகுக்கு அது கேட்கும் விலை, கச்சான் காலத்தில் அதிகம்.

மாரியிலும் நிம்மதி இல்லை, கரண்ட் போகும். சேவ் எழுதிக்கொண்டிருக்கையில் போனால் அந்தச் சேவ் அதோடு சரி. சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம். அப்டேட்டும் அப்படித்தான். 2021 நவம்பர் 11, 2023 டிசம்பர் 5 இரண்டு நாளும் கேம் புதுப் பதிப்புக்கு மாற, எஸ்கேஎஸ்இ என்ற துணை நிரலை நம்பிய மொட்கள் புதிய பதிப்பு வரும்வரை படுத்துவிட்டன. கேமை வாங்கிய ஸ்டீம் செயலியில் 'திறக்கும்போது மட்டும் அப்டேட்' என்று வைத்து, கேமை எஸ்கேஎஸ்இ வழியாகவே திறந்தால் பிழைக்கலாம்.

புதுக் கார்டு வாங்க நினைப்பவர்கள் 8 ஜிபி-க்குக் குறையாமல் பாருங்கள். ஆனால் அதற்கு முன் பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட்ஸ் என்று வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.