காரைக்குடியில் அக்சஸ் வகுப்பு: சேரலாமா?

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் தகவல்களை டேபிள்களாகச் சேர்த்து வைக்கும் அக்சஸ் மென்பொருளைப் படிக்க வேண்டும் என்று போய் நின்றால், முதலில் கணக்கு எழுதும் டேலியைத்தான் நீட்டுவார்கள். செக்காலை ரோட்டுப் பக்கம் நான் சேர்ந்த சென்டரிலும் அதே கதைதான். விடாமல் கேட்டதால் 4,500 ரூபாய்க்கு மைக்ரோசாஃப்ட் அக்சஸ் மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊர் நகரச்சிவன் கோவில் காரியம் இப்போது எங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. கோவிலுக்கு வரி கட்டும் நகரத்தார் குடும்பங்களின் கணக்கை, அதாவது புள்ளிக் கணக்கை, நான் பார்க்கிறேன். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி, மகனுக்குக் கல்யாணமானால் புதுப்புள்ளி. எக்செலில் வருஷத்துக்கு ஒரு ஷீட் நகலெடுத்து, கடைசியில் எதில் இருப்பது சரியான முகவரி என்று யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

பாடம் எடுத்த பெண் சின்ன வயசு. என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார். டேபிள் பிரிப்பதில் கெட்டி. சென்டர் புத்தகத்தில் மாணவர் மதிப்பெண், ஆஸ்பத்திரி நோயாளி என்று வழக்கமான உதாரணங்கள். என் நோட்டைப் பார்த்ததும் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, "பேரை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா ஆச்சி?" என்றார். எப்படி முடியும்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் சிதம்பரமும் மெய்யப்பனும் தெருவுக்கு நாலு பேர். பங்காளிகள் என்றால் முதலெழுத்துகளும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். அதனால் புள்ளிக்கு ஒரு ஆட்டோநம்பர், அதாவது அக்சஸே போட்டுக்கொள்ளும் எண்; ஒவ்வொரு புள்ளியையும் தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீ அதுதான். புள்ளிகளுக்கு ஒரு டேபிள், வரி ரசீதுக்கு இன்னொன்று. ஒரு புள்ளிக்கு எத்தனை வருஷ ரசீது சேர்ந்தாலும் முகவரி ஒரே இடத்தில்தான் இருக்கும். மகன் தனிப்புள்ளி ஆனால், தகப்பனார் புள்ளி எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டு அதே டேபிளோடு இணைத்துவிடலாம். இதைப் போட்டுக் காட்டிய அன்றே கொடுத்த காசு வசூலாகிவிட்டது.

வரி பாக்கிக்காரர்களை எடுக்க, ஒரு டேபிளில் இருந்து இன்னொன்றில் இல்லாதவர்களைக் காட்டும் 'ஃபைண்ட் அன்மேட்ச்ட்' விசார்ட் இருக்கிறது. நேராக ரசீது டேபிளோடு ஒப்பிட்டால் ஒரு தடவைகூடக் கட்டாதவர்கள் மட்டும்தான் வருவார்கள். இந்த வருஷ ரசீதுகளை மட்டும் முதலில் ஒரு குவெரியாக, அதாவது கேட்டதை மட்டும் பிரித்துக் காட்டும் பட்டியலாக எடுத்து அதோடு ஒப்பிட வேண்டும். இந்த நுணுக்கத்தையும் அந்தப் பெண்தான் சொன்னார், புத்தகத்தில் இல்லை.

குறை என்றால், ஃபார்மும் ரிப்போர்ட்டும் ஓட்டமாக ஓடின. பேக்கப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைவிட மோசம், டேபிள்களை இணைக்க ரிலேஷன்ஷிப் போடும்போது கேஸ்கேட் டிலீட் கட்டத்தையும் டிக் செய்யச் சொல்கிறது புத்தகம். டிக் செய்தால், ஒரு புள்ளியை அழித்த உடனே அவர் கட்டிய ரசீதெல்லாம் கூடவே போய்விடும். கோவில் கணக்கில் இது ஆகுமா? இறந்தவரை அழிக்காமல் நிலை என்று ஒரு கட்டம் வைத்துக் குறித்துக்கொள்வதுதான் சரி. லேபில் தமிழுக்கு இன்னமும் பாமினி எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, அகரவரிசை கேட்டால் தாறுமாறாக வரும். யூனிகோடில்தான் அடிப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர் பங்காளிகளும் பார்க்கும்படி ஃபைலை கூகுள் டிரைவில் போடலாமா என்று கேட்டேன். "ரெண்டு பேர் ஒரே நேரத்துல திறந்தா ஃபைல் கெட்டுப்போகும் ஆச்சி, அதுக்கு சர்வர் வேணும்" என்று பட்டென்று சொன்னார். அடுத்த கோர்ஸை விற்கப் பார்க்கவில்லை, அது பிடித்தது. அக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை என்பார்கள். எங்கள் ஊர்ப் புள்ளி எல்லாம் சேர்ந்தாலும் அதன் ஒரு மூலைக்குக் காணாது.

சனிக்கிழமை பேட்ச் வேண்டாம். காலேஜ் பிள்ளைகள் கூட்டம், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். வார நாளில் காலை பேட்ச் கேளுங்கள். சொந்த லேப்டாப் கொண்டுபோகலாம், ஆனால் விண்டோஸாக இருக்க வேண்டும். மேக்கில் அக்சஸ் கிடையாது.