சாயம் ஏறிய சட்டையும் ஏறாத சட்டையும்

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த என் மகளுக்கும், விடுமுறைக்காகத் திருச்சியிலிருந்து வந்திருந்த என் அக்காவின் மகளுக்கும் சேர்த்து, இணையத்தில் 749 ரூபாய் கொடுத்து ஒரு டை-டை பெட்டி வாங்கினேன். துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றத் தேவையான அனைத்தும் உள்ளே இருப்பதாகவும், பன்னிரண்டு சட்டைகள் வரை வண்ணமேற்றலாம் என்றும் அட்டையின் மேல் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு வார இறுதிகளில், நங்கநல்லூரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், அந்தப் பெட்டியை முழுவதுமாகத் தீர்த்துவிட்டோம். உள்ளே இருந்த சாயத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. எந்தத் துணியில் அது ஏறும், எந்தத் துணியில் ஏறாது என்பதை அந்தப் பெட்டி ஓரிடத்திலும் தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு புதுச் சட்டையும் ஒரு பெண்ணின் ஒரு நாள் அழுகையும்.

பெட்டிக்குள் ஐந்து பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றின் அடியிலும் சாயப்பொடி, ஒரு கட்டு ரப்பர் பேண்டு, இரண்டு சோடி கையுறைகள், மேசையின் மேல் விரிக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு, நான்காக மடித்த ஒரு வழிமுறைத் தாள் ஆகியவை இருந்தன. பதினான்கு வயதுப் பெண்ணின் கையில் அந்தக் கையுறை தொளதொளவென்று நின்றது. பெண் பிள்ளைகளின் படத்தை அட்டையில் அச்சிட்டு விற்பவர்கள் கையுறையை ஏன் ஆடவரின் கை அளவில் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுச் சமாளித்தோம். குப்பிகளில் நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா, கருப்பு என்று எழுதியிருந்தது. கருப்பு காய்ந்த பிறகு அடர்ந்த சாம்பல் நிறமாகத்தான் நின்றது. மற்ற நான்கும் படத்தில் கண்டபடியே வந்தன.

முதல் நாள் நான்கு உருப்படிகளை எடுத்துக்கொண்டோம். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் அந்த வாரம்தான் வாங்கிய, தோளை விட்டு இறங்கி நிற்கும் வெள்ளை ஓவர்சைஸ் டி-சட்டை ஒன்று. மகளின் பழைய பள்ளிச் சட்டை. ஒரு வெள்ளை ரேயான் குர்த்தி. நான்காவதாக, என் கணவரின் பழைய எட்டு முழ வேட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. இந்தக் கோடையில் பதின்ம வயதுப் பெண்கள் எல்லாரும் அணிவது அந்தத் தொளதொளப்பான டி-சட்டையைத்தான் என்பதால், அழகான சுழல் வடிவத்தை அதற்கே ஒதுக்கி, அக்காள் மகள் ஒரு மணி நேரம் செலவழித்து அதை முறுக்கிக் கட்டினாள். மறுநாள் காலையில் அலசியபோது, அந்தச் சட்டையிலிருந்த நிறமெல்லாம் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய், நோய்வாய்ப்பட்டது போன்ற வெளிர் ஊதாத் திட்டு மட்டும் தங்கியது. பொருட்டாகவே கருதாமல் கடைசியில் மீந்த சாயத்தை ஊற்றிய வேட்டித் துண்டோ, மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. “சித்தி, கடையில காட்டன்னுதானே சொன்னாங்க!” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டையின் உள் ஓரத்தில், தையல் நூலை விட்டுத் துணியிலிருந்தே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, அடுப்பில் காட்டினேன். (இதைப் பெரியவர்கள் மட்டும், தண்ணீர்க் குழாய்க்கு அருகில் நின்று செய்வது நல்லது.) பருத்தி நூலாக இருந்தால் காகிதம் எரிவதைப் போல மணத்து, தொட்டால் உதிரும் சாம்பலாக வேண்டும். இந்த நூலோ சுருண்டு உருகி, கடுகளவு கெட்டி மணியாக உறைந்தது. அதுதான் பாலியெஸ்டர். பருத்தியோடு சிறிதளவு கலந்திருந்தால் வெளிறிய நிறமாவது நின்றிருக்கும். எங்கள் சட்டையில் பெரும்பகுதி பாலியெஸ்டராகவே இருந்திருக்க வேண்டும்.

இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது, பருத்தி போன்ற தாவர இழைகளோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் சாயம். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956ஆம் ஆண்டு முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகைச் சாயத்தின் சிறப்பே, கொதிக்க வைக்காமல், சாதாரண வெப்பத்திலேயே, நூலின் மேல் படிவதற்குப் பதிலாக நூலின் பகுதியாகவே மாறிவிடுவதுதான். பருத்தி, லினன், ரேயான் மூன்றும் இதை ஏற்கும். மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயானும் வேதியியல் நோக்கில் பருத்தியின் உறவே என்பதால் எங்கள் குர்த்தியிலும் நிறம் நன்றாகவே பிடித்தது. பாலியெஸ்டருக்கு வேறு வகைச் சாயமும், ஆலையில் அழுத்தத்தோடு ஏறத்தாழ 130 டிகிரி செல்சியசு வெப்பமும் தேவை. அதை மொட்டை மாடியில் யாராலும் செய்ய முடியாது. ‘பருத்தி, லினன், ரேயானில் மட்டும் பயன்படுத்துக’ என்று ஒரு வரியை அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட என்ன செலவாகிவிடும்? ‘இயற்கைத் துணிகளுக்கு உகந்தது’ என்று தாளின் கடைசி மடிப்பில் பொடி எழுத்தில் போட்டதைப் படித்து, ஒரு பதினாறு வயதுப் பெண் தன் டி-சட்டை அதில் அடங்குமா என்று எப்படி அறிவாள்?

இன்னொரு செய்தியையும் அந்தத் தாள் அரைகுறையாகச் சொல்கிறது. சாயம் நூலோடு பிணைய வேண்டுமானால் காரத்தன்மை வேண்டும். அதற்கான சோடாவைப் பொடியோடு முன்னதாகவே கலந்துவைத்திருக்கிறார்கள். குப்பியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் போதும் என்ற வசதி இதனால் கிடைக்கிறது. அதே காரணத்தால், தண்ணீர் ஊற்றிய நொடியிலிருந்தே சாயம் துணிக்குக் காத்திராமல் தண்ணீரோடும் வினைபுரியத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடுகிறது. முதல் சனிக்கிழமை கலக்கிய நீலத்தில் பாதியை மறுநாளைக்கென்று மூடி வைத்தோம்; ஞாயிற்றுக்கிழமை அது பள்ளிச் சட்டையின் கைப்பகுதியில் வானத்தின் நிறத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே, எத்தனை துணிக்குச் சாயமேற்றப் போகிறோமோ அத்தனைக்கு வேண்டிய குப்பிகளை மட்டும் கலக்க வேண்டும். பன்னிரண்டு சட்டைகள் என்ற கணக்கும் குழந்தைச் சட்டைக்கான கணக்காக இருக்கலாம். எங்களுக்குப் பெரியவர் அளவில் ஐந்து உருப்படிகளும் ஒரு கைப்பையும்தான் தேறின.

சென்னையின் வெயில் இந்த வேலைக்கு ஒத்துழைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாயமிட்ட துணி ஈரம் காயாமல் ஓர் இரவு முழுதும் கதகதப்பில் இருந்தால்தான் நிறம் ஆழமாகப் பிடிக்கும். குளிர்நாடுகளில் இதற்காகப் போர்வையைச் சுற்றி வைப்பார்களாம். நாம் பாலிதீன் பையில் போட்டு முடிச்சிட்டு, சமையலறை மேடையின் மூலையில் வைத்தாலே போதும். ஒத்துழைக்காதது தண்ணீர். எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அதில் கலக்கிய சாயம் மங்கலாகவே வந்தது, அலசும்போதும் மிச்சச் சாயம் எளிதில் வெளியேறவில்லை. இரண்டாவது வாரம் குடிநீர் கேனிலிருந்து எடுத்துக் கலக்கியபோது வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. குப்பிகளை நிரப்ப ஒரு லிட்டருக்கு மேல் தேவைப்படாது என்பதால் இது பெரிய செலவும் அன்று. புதுத் துணியாக இருந்தால் கஞ்சி போகும்படி ஒருமுறை வெந்நீரில் துவைத்துவிட்டுத் தொடங்குவதும் முக்கியம்.

அலசுவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முடியாது. முதல் நான்கைந்து அலசல்களில் ஏராளமாகச் சாயம் போகும். பிணையாமல் மீந்த சாயம் அது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முதலில் குளிர்ந்த நீரில், பிறகு சூடான நீரில், தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். இதைப் பார்த்துச் சிறுமிகள் முகம் சுளித்தபோது, நம் ஊர்த் துணிக்கே சாயம் போவதில் ஒரு புகழ் உண்டு என்பதைச் சொன்னேன். 1960களில் அமெரிக்க இளைஞர்கள் விரும்பி அணிந்த ‘மெட்ராஸ்’ கட்டம் போட்ட கைத்தறிச் சட்டைகள், ஒவ்வொரு துவைப்பிலும் சாயம் கசிந்து, கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுப்புது நிறம் காட்டின. அந்தக் குறையையே நிறையாக்கி, ‘சாயம் கசியும் மெட்ராஸ்’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள். எங்கள் பெட்டியின் சாயம் அந்தப் புகழுக்கு ஆசைப்படவில்லை. ஆறாவது துவைப்புக்குப் பிறகு வேட்டித் துண்டிலிருந்து ஒரு துளி நிறமும் வெளியேறவில்லை. இந்த விலையில் நான் எதிர்பார்த்ததைவிட இது மேல்.

ரப்பர் பேண்டுகளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. பாதிக்கு மேல் இழுத்தவுடனே அறுந்தன. அப்போதுதான் என் மாமியார் நடுவில் வந்தார். மதுரையில் வளர்ந்த அவருக்கு, சௌராஷ்டிர சமூகத்தார் கையால் முடிச்சிட்டுச் செய்த சுங்குடிச் சேலை அறிமுகமான ஒன்று. விரல் நுனியில் துணியைக் கிள்ளி, நூலை இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, அடுத்த புள்ளிக்கு நகரும் அந்த முறையை அவர் பிள்ளைகளுக்குக் காட்டினார். இன்று சுங்குடி என்று விற்கப்படுவனவற்றில் அச்சிட்டவையே மிகுதி என்று சலித்துக்கொண்டே, கைக்கு அடக்கமாகப் பிடிக்க மொச்சைக் கொட்டையை உள்ளே வைத்துக் கட்டச் சொல்லிக் கொடுத்தார். தையல் நூலும் ஒரு கைப்பிடி மொச்சையும் கொண்டு கட்டிய வேட்டித் துண்டில் வெள்ளை வளையங்கள் கத்தரித்தது போல் விழுந்தன. பெட்டித் தாளில் காட்டியிருந்த ஆறு வடிவங்களில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது.

இரண்டாவது முறை இதே வேலையைச் செய்வதற்குப் பெட்டி தேவையில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு வேதிப்பொருள் கடையில் பருத்திக்கான சாயப்பொடி மூன்று நிறங்களும், ‘சோடா ஆஷ்’ என்று கேட்டால் தரும் சலவைச் சோடா ஒரு கிலோவும் 400 ரூபாய்க்குள் கிடைத்தன. ஒரு லிட்டர் நீரில் சுமார் 60 கிராம் சோடாவைக் கரைத்து, துணியைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, பிறகு முடிச்சிட்டுச் சாயம் ஊற்றினால் போதும். சோடாவைத் துணியிலும் சாயத்தைக் குப்பியிலும் தனித்தனியே வைப்பதால் கலக்கிய சாயம் சில நாட்கள் தாங்குகிறது. கல் கல்லாக இருக்கும் படிகச் சோடாவானால் அதில் நீரும் அடங்கியிருப்பதால் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும். ஆப்பசோடா இதற்கு ஆகாது. உப்பும் வினிகரும் இந்தச் சாயத்தை நிலைநிறுத்தும் என்று காணொளிகளில் சொல்வதையும் நம்ப வேண்டாம். பொடியைக் கலக்கும்போது மட்டும் முகக்கவசம் கட்டாயம். சாயத் தூசி மூச்சுக்குள் போனால் ஒவ்வாமை உண்டாகலாம் என்பதைப் பெட்டியின் தாள் ஒரு வரியில் எழுதியிருக்கிறது. அதற்கான முகக்கவசத்தை உள்ளே வைக்க மறந்துவிட்டது.

மிச்சமான பணத்தைத் துணியில் போடலாம். வெள்ளைப் பருத்தி வேண்டுமென்றால் ஜார்ஜ் டவுனின் கோடவுன் தெருவுக்குப் போகலாம். நெரிசலைப் பொறுக்காதவர்கள் எழும்பூரில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையத்துக்குப் போனால் கைத்தறியை நிதானமாகத் தொட்டுப் பார்த்து வாங்க முடியும். அதற்கும் முன்னால், வீட்டுப் பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்வேன். எட்டு முழ வேட்டி ஒன்று ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அதில் தொளதொளப்பான மேற்சட்டையும் அதே நிறத்தில் அகலக் கால் பேண்டும் தைத்து, கடைகளில் ஆயிரத்துக்கும் மேல் சொல்லும் ‘கோ-ஆர்டு செட்’ ஆக்கிவிடலாம், மீந்த கீற்றுகளில் கூந்தலுக்கு இரண்டு ஸ்கிரஞ்சியும் தேறும். பலமுறை துவைத்துக் கஞ்சி போய் மெதுவாகிப்போன பருத்தியைப் போலச் சென்னை வியர்வைக்கு ஏற்றது வேறில்லை. வேட்டியிலும் இப்போது பாலியெஸ்டர் கலந்து வருவதுண்டு என்பதால், நூலை எரித்துப் பார்த்துவிட்டே கத்தரியை எடுக்க வேண்டும்.

முதல் முறையாகச் செய்து பார்க்கும் பிள்ளைகளுக்கு, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் வசதிக்காக, 749 ரூபாய்க்கு இந்தப் பெட்டியை வாங்குவதில் தவறில்லை. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன். அட்டையில் துணியின் பெயரை எழுதி, கையுறையின் அளவைக் குறைத்தால் நான்காக உயர்த்தவும் தயார். அந்த வெள்ளை டி-சட்டை இப்போது எங்கள் வீட்டில் மீன்தொட்டி துடைக்கப் பயன்படுகிறது. வேட்டித் துண்டில் தைத்த மயில் கழுத்து நிற மேற்சட்டையை அக்காள் மகள் திருச்சிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்; தன் தோழிகள் மூவர் வேட்டி கேட்டு அவரவர் தாத்தாவிடம் நிற்பதாக நேற்று தொலைபேசியில் சொன்னாள்.