நாற்காலி ஆரி ஸ்டாண்ட்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தே பிளவுஸ்களுக்கு ஆரி வொர்க் (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) போட்டுக் கொடுக்கிறேன். தரையில் சம்மணம் போட்டு உட்காரும் மர ஸ்டாண்டை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து போடும் சாய்வு ஸ்டாண்டுக்கு மாறி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கழுத்துக்காகத் தாராளமாக வாங்கலாம். கைவலிக்கு அது மட்டும் பத்தாது.

நம் தலை சுமார் 5 கிலோ கனம். குனியக் குனியப் பின்கழுத்துக்குப் பாரம் ஏறும். துணியைக் கயிற்றால் இழுத்துக் கட்டும் சட்டத்தின் பின்பக்கத்தை உயர்த்திச் சாய்த்தால் துணி கண்ணுக்கு எதிரே வந்துவிடுகிறது. காலையில் கழுத்து இறுகிக்கிடப்பது சில வாரங்களிலேயே குறைந்தது. கால் மரத்துப்போவது அடியோடு நின்றது.

கைதான் பெரிய கதை. ஆரி என்றால் எல்லோரும் ஊசி பிடிக்கிற வலது கையைத்தான் பார்ப்பார்கள். சட்டத்துக்கு அடியில் நூலைப் பிடித்து ஊசிக் கொக்கியில் சுற்றிவிடும் இடது கை யார் கண்ணிலும் படாது. ஸ்டாண்ட் தாழ்வாக இருந்தால் அந்த மணிக்கட்டு மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கும். அதன் வழியாகப் போகும் நரம்பு அழுந்தினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரக்கும். ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதற வேண்டியிருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. "மணிக்கட்டு மடங்காம முழங்கையோட நேரா இருக்கணும், அதுக்கேத்த உயரம் வைங்கம்மா" என்றார் பிசியோதெரபிஸ்ட். தூங்கும்போது மட்டும் போட மணிக்கட்டுப் பட்டை ஒன்றும் கொடுத்தார். உயரத்தைச் சரிசெய்த பிறகுதான் ராத்திரி உதறல் நின்றது. சில ஸ்டாண்டுகள் அந்த உயரத்துக்கு ஏறவே ஏறாது. கடையிலேயே உட்கார்ந்து, இடது கையை அடியில் விட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வலது கைக்கு நான் செய்தது செலவில்லாத வேலை. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைத் திருப்பி எடுக்கிறோம். கைப்பிடி மெலிதாக இருந்தால் விரல் இறுக்கிப் பிடித்தே நோகும். பருத்தித் துணிப்பட்டையைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டேன். துணி தொய்ந்தாலும் ஊசியை அமுக்கித்தான் குத்த வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு டீக்கும் பிறகு கயிற்றை இழுத்துக் கட்டிவிடுவேன்.

ஸ்டாண்டின் குறைகளையும் சொல்லவேண்டும். சாய்வில் சுகர் பீட்ஸ் எனும் பொடி மணிகள் உருண்டு மடியில் கொட்டும். குந்தன் கல் ஒட்டினால் பசை காயும்வரை சட்டத்தைத் தட்டையாக்கி வைக்கவேண்டும். திருகுகள் அடிக்கடி தளர்கின்றன. ஒற்றை அறை வீட்டில் இடத்தை அடைக்கும். மாமியாரின் முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

பூதக்கண்ணாடி விளக்கும் வாங்கினேன், அதிகம் தொடவில்லை. வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் லென்ஸை மூடிவையுங்கள், பட்டுத் துணி பொசுங்கிவிடும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கை இடதுபுறம் வைத்தாலே வலது கையின் நிழல் வேலைமேல் விழாது. கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருதரம் 20 அடி தூரத்தில் எதையாவது 20 விநாடி பார்க்கவேண்டும். நான் எதிர்வீட்டு மாடிக் கொடியைப் பார்ப்பேன்.

வரமகாலட்சுமி (வரலட்சுமி நோன்பு) சீசனில் எந்த ஸ்டாண்டும் காப்பாற்றாது. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் எழுந்து நடந்தால் அந்த நேரத்துக்குக் காசு போச்சு. அந்த மாதங்களில் கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு ஹெவி வொர்க் ஒத்துக்கொள்வதில்லை. பிளவுஸின் கழுத்துக்கும் கை ஓரத்துக்கும் செயின் தையலோடு சரி.