"ரெப்டைல் இன்குபேட்டர் செட்" வாங்க நினைப்பவர்கள் படியுங்கள்

"வீட்டிலேயே நீங்களே பொருத்திக்கொள்ளலாம், ஊர்வன முட்டைக்கு ஸ்பெஷல் செட்" என்று ஒரு இன்குபேட்டர் (முட்டையைச் சரியான வெப்பத்தில் வைத்துப் பொரிக்கவைக்கும் கருவி) விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வட சென்னையில் ஒருவர் வீட்டிலிருந்தே விற்கிறார். தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி முட்டையும் வைத்துவிட்டீர்கள் என்றால், முதலில் எழுந்துபோய் முட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டரை வைத்துவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நான் தண்டையார்பேட்டையில் பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி வகையில் ஒரு ஜோடி வளர்க்கிறேன். பலர் இதை உடும்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உடும்பு நம் நாட்டுக் காட்டுயிர், அதை வீட்டில் வைப்பதே குற்றம். இகுவானா வெளிநாட்டு இனம், ஆனாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும், குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். என்னுடையவை பதிவானவை.

மாசியில் பெண் இகுவானா தீனியைக் குறைத்துக்கொண்டு மண்தொட்டியைப் பிறாண்ட ஆரம்பித்தது. முட்டையிடப் போகிறது என்று தெரிந்ததும் இன்குபேட்டர் வேலையில் இறங்கினேன். பெட்டிக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி நல்ல தடிமன், கழுவிக் காயவைத்தால் போதும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிதான் வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கோழி முட்டைக்கு 37.5 டிகிரி வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் அறை அதைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அதனால் சூடு கொடுத்தாலே போதும். இகுவானா முட்டைக்கு 29லிருந்து 31 டிகிரி, அதுவும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு. மாசியில் இட்ட முட்டை கத்திரி வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் பொரிக்கும். ஷீட் போட்ட மாடி அறைகளில் சித்திரை மதியத்தில் வெப்பம் 35ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஆக சென்னையில் இந்த முட்டைகளுக்கு எமன் குளிர் இல்லை, சூடு. பெட்டியைச் சூடாக்குவதைவிட அதைக் குளிர வைப்பதுதான் பெரிய வேலை.

இதை அந்த விற்பனையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். "ரெண்டும் பண்ணும்ணா. சூடும் குடுக்கும், கூலும் பண்ணும். முட்டைய வச்சிட்டு மறந்துடுங்க" என்றார். 4,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன்.

வந்தது இதுதான்: சிவப்பு எண் காட்டும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, 12 வோல்ட் அடாப்டர், பல்ப், சென்சார் ஒயர், "கூலிங் யூனிட்" என்று ஒரு ஃபேன். கூடவே முட்டையைத் திருப்பிப் போடும் தட்டு ஒன்று, இலவசமாம். கோழி முட்டையைத் தினமும் திருப்ப வேண்டும். ஊர்வன முட்டையைத் திருப்பவே கூடாது. இட்ட ஓரிரு நாளிலேயே கரு மேல்பக்கத்து ஓட்டில் ஒட்டிக்கொண்டுவிடும், அப்புறம் புரட்டினால் செத்துப்போகலாம். அதனால்தான் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு, அதே நிலையில் வெர்மிகுலைட் என்ற, ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளில் புதைத்து வைக்கிறோம். தட்டைப் பற்றிக் கேட்டதற்கு "எல்லா செட்லயும் வரும், வேணாம்னா கழட்டிடுங்க" என்று பதில். கழற்றிவிட்டேன்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போனது. முட்டைகள் ஈரத்தை உறிஞ்சி உப்பின. செல்போன் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிந்தன. வெயில் ஏற ஏற, முட்டைகள் ஒவ்வொன்றாக ஒடுங்கி மஞ்சளாகின. திரை மட்டும் 30 என்றே காட்டிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்து காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். 34.6. அந்த வகை தெர்மாமீட்டர்கள் பொதுவாக 32க்குக் கீழே எண்ணே காட்டாது, 'லோ' என்றுதான் வரும். இகுவானா பெட்டிக்குள் அதில் எண் தெரிந்தாலே ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியில் பிரித்துப் பார்த்தபோது சிலவற்றில் விரலும் நகமும்கூட வந்திருந்தன. அதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

போர்டை எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ரிப்பேர் பார்க்கும் பெரியவர் சென்சாரை நொறுக்கிய ஐஸ் போட்ட தண்ணீரில் விட்டார். 0 காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் 3 காட்டியது. அந்தப் போர்டுக்குப் பொருந்தாத ஏதோ மலிவு சென்சாரை மாட்டியிருக்கிறார்கள். சரியான 10கே (10 கிலோ ஓம்) சென்சாரை மாட்டியதும் 0 வந்தது. "தம்பி, இதுல கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற ரிலே ஒண்ணுதான். சூடு இல்லாட்டி கூலிங், ஏதாவது ஒண்ணுக்குத்தான் செட் பண்ண முடியும். ரெண்டும் சேர்ந்து வராது" என்றார். போர்டின் பெயர் டபிள்யூ 1209, ஒன்றும் மோசமான பொருள் இல்லை, சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. "கூலிங் யூனிட்" என்று வந்தது வெறும் கம்ப்யூட்டர் ஃபேன். அறை 36 டிகிரி என்றால் அதே 36ஐ உள்ளே ஊதும், அவ்வளவுதான்.

விற்றவரிடம் எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பினேன். முதலில் "முட்டைல கருவே இருந்திருக்காதுணா" என்றார். நரம்பு தெரிந்த படங்களையும் அனுப்பியதும் "எலக்ட்ரானிக்ஸுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார். அதற்கும் மேலே போய், பணத்துக்குப் பதிலாக நட்சத்திர ஆமை முட்டை தருகிறேன் என்றார். நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். முட்டையை வாங்கினால் வாங்கியவரும் உள்ளே போக வேண்டியதுதான். அந்த உரையாடலை வனத்துறைக்கு அனுப்பிவிட்டேன். அதன்பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார்.

நீங்களே செய்வதாக இருந்தால், சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் தனித்தனி ரிலே உள்ள கருவியாகப் பாருங்கள். எஸ்டிசி 1000 அப்படிப்பட்டது, நேரடியாக 220 வோல்ட்டில் ஓடும், ஒயரிங்கை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். கடையிலேயே ஐஸ் தண்ணீரில் சென்சாரை விட்டுக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். குளிர்ச்சிக்கு பெல்டியர் (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் சின்னத் தகடு) வைக்கலாம். பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் இருந்தால் கரண்ட் போனாலும் வெப்பம் சட்டென்று மாறாது. முட்டை வைப்பதற்கு முன்பே, ஒரு முழு வெயில் நாள் காலிப் பெட்டியை ஓடவிட்டு வேறொரு தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே செட்டை வாங்கி ஏமாந்தவர்கள் ஜிபே ரசீதையும் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். எனக்கு ஒரு செய்தி அனுப்பினால் எந்தெந்தத் தாள் வேண்டும் என்று சொல்கிறேன்.