ரூ.39,900 போச்சு: கடலோர நடைக்கு வேலூர்ல பணம் கட்டுறவங்க படிச்சுட்டுக் கட்டுங்க

திரும்பி வந்து ஆறு நாள் ஆகுது, இன்னும் ஒரு ரூபா கூட வரல. 14 பேர், தலைக்கு 2,850, மொத்தம் 39,900 ரூபாய். வாங்கினது வாரக்கடைசியில மலை, கடற்கரைன்னு ஆட்களைக் கூட்டிக்கிட்டுப் போற ஒரு குழு.

விளம்பரத்துல போட்டது இது: செங்கல்பட்டு மாவட்டத்துல சதுரங்கப்பட்டினம் கோட்டையில இருந்து ஆலம்பரை கோட்டை வரைக்கும் கடலை ஒட்டியே நடை, ரெண்டு நாள், சுமார் 30 கிலோமீட்டர், ஒரு ராத்திரி மணல்ல கூடாரம். நவம்பர் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழை நடக்குற நேரம். அதனாலதான் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: வழியில பாலாறு கடல்ல கலக்குற இடத்தை எப்படித் தாண்டுவீங்க?

நம்பினது அந்தப் பதில்லதான். "பாலாத்துல தண்ணி எங்க சார் கீது? நம்ம ஊர்ப் பாலத்து மேல நின்னு பாருங்க, மணல்தான கீது. அங்கயும் அதேதான், நடந்தே பூடலாம்." அதோட, கடல் எப்ப ஏறும், எப்ப வத்தும்னு காட்டுற ஏற்றவற்ற அட்டவணை ஒண்ணை லேமினேட் போட்டுக் கையில கொடுத்தாங்க. தேதி, நேரம், மீட்டர் எல்லாம் கட்டம் கட்டி அச்சடிச்சிருந்தது. இவ்வளவு ஏற்பாடா இருக்காங்களேன்னு அன்னைக்கே 39,900 ரூபாயும் அனுப்பியாச்சு.

அந்த ரெண்டும் தப்பு. வேலூர்ல பாலாறு காய்ஞ்சு கிடக்குறதுக்கும் முகத்துவாரத்துல தண்ணி இருக்கிறதுக்கும் சம்பந்தமே கிடையாது. கீழே திருமுக்கூடல்ல செய்யாறும் வேகவதியும் வந்து சேருது. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் நல்ல மழை பெஞ்சாலே போதும், நம்ம பாலத்துக்கடியில ஒரு சொட்டு ஓடாத நாள்லயும் அங்க ஆறு போகும். கோடையில கடல் அலை மணலைத் தள்ளித் தள்ளி வாயை அடைச்சு வெச்சிருக்கும், அப்ப அது மேலேயே நடந்து போயிடலாம். மழைக்காலத்துல பின்னாடி தேங்கின தண்ணி அந்தத் திட்டை உடைச்சுக்கிட்டுக் கடலுக்குப் போகும். உடைஞ்ச இடத்துல கரை செங்குத்தா நிக்கும். பார்க்கக் கெட்டியாத் தெரியும், அடியில தண்ணி அரிச்சுக்கிட்டே இருக்கும், ஆள் ஏறி நின்னா அப்படியே சரியும். வத்தம் இறங்குற நேரத்துல ஆத்துத் தண்ணியும் கடல் வாங்குறதும் ஒரே பக்கமா இழுக்கிறதால வேகம் இன்னும் கூடும். முழங்கால் ஆழத்துலயே ஆளைச் சாய்ச்சிடும்.

அட்டவணையை அங்க போய்த்தான் சரியாப் பார்த்தோம். ஏற்றம் 4.3 மீட்டர்னு போட்டிருக்கு! நம்ம சோழமண்டலக் கரையில ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். நாலு மீட்டர் ஏறுறது மும்பை, குஜராத் பக்கம். எங்கேயோ மேற்குக் கடற்கரைக்குப் போட்டதை எடுத்து அச்சடிச்சு நம்ம கையில கொடுத்திருக்காங்க. இதுக்குத்தான் 39,900.

கூட வந்தது ஒரே ஒரு வழிகாட்டி, சின்னப் பையன், அந்தக் கரைக்கே முதல் தடவை வர்றான். அவனைத் திட்ட மனசு வரல. அவன் கையில கொடுத்து அனுப்பினது துணி காயப் போடுற நைலான் கயிறு ஒரு சுருள். அதைப் பிடிச்சுக்கிட்டு 14 பேரும் முகத்துவாரத்தைத் தாண்டணுமாம். வலையை வாரிக்கிட்டிருந்த ஒரு பெரியவர்தான் ஓடி வந்து தடுத்தார். "காலை வெக்காதீங்க, காலையிலதான் வாய் உடைஞ்சுது, இழுத்துக்கினு பூடும்"னார். அங்கேயே திரும்பினோம். 30 கிலோமீட்டர்ல ஏழு கூட நடக்கல. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறி, செங்கல்பட்டு, காஞ்சிபுரம்னு பஸ் மாறி, அவங்கவங்க காசுல வீடு வந்தோம்.

மத்த சாமான் லட்சணமும் கேளுங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி வேணும், கொடுத்தது 2. மழைக்கோட்டு பால் கவர் கனம். வாடைக்காத்துல தலைக்கு மேல சுருண்டுக்குது, கால் வெக்கிற இடம் தெரியல. கூடாரத்துக்கு ஒரு சாண் ஆணி. மண் தரைக்கு அது சரி, மணல்ல ஒரு காத்துக்குப் பிடுங்கிக்கும். பையில மணல் நிரப்பி, கயித்தைக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதைச்சாத்தான் நிக்கும். ராத்திரி தங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு.

வானிலை மையம் அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. புறப்படுறதுக்கு முந்தின நாள் சாயந்திரம் கேட்டதுக்கு "அது மெட்ராஸுக்கு சார்"னு சொல்லிட்டாங்க.

பணத்தைத் திருப்பிக் கேட்டா? முதல் நாள், "மழைக்கு நாங்க இன்னா பண்றது?" ரெண்டாம் நாள், கணக்குப் பார்க்கிற மேடம் லீவு. மூணாம் நாள், "பாதியில திரும்பினது நீங்கதான, நாங்க நிறுத்தலயே." நாலாம் நாள், அடுத்த மலைப் பயணத்துல கழிச்சுக்கறோம்னாங்க. இவங்களை நம்பி மலைக்கு வேற போகணுமா? நேத்துல இருந்து போனை எடுக்கல. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எங்களைத் தூக்கிட்டாங்க. 39,900 ரூபாய்க்கு ஒரு ரசீது கூடக் கையில இல்ல.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி: மழையால ரத்தானா எவ்வளவு திரும்பும்னு எழுதி வாங்குங்க, பேச்சுல வேணாம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் முகத்துவாரம் தாண்டுற நடையே வேணாம். தாண்டித்தான் ஆகணும்னா அந்த ஊர் மீனவர்கள் படகுல, அவங்க சொல்ற நேரத்துல. புறப்படுற காலையில வானிலை மையம், கடல் அலை எச்சரிக்கை கொடுக்கிற மத்திய அரசு மையம் இன்காய்ஸ் (INCOIS), ரெண்டோட எச்சரிக்கையையும் நீங்களே பாருங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 எண்ணுறதுக்குள்ள சத்தம் கேட்டா மணலை விட்டு வெளியேறுங்க, சவுக்குத் தோப்புக்குள்ள ஒதுங்காதீங்க. எங்களை மாதிரி ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. நுகர்வோர் ஆணையத்துல வழக்குப் போட 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நாங்க திங்கக்கிழமை போடப் போறோம். இதே குழுகிட்டப் பணம் கட்டினவங்க வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருந்தா பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காம வெச்சிருங்க.