தோற்றால் என்ன மிஞ்சும்? நியூ ஜெர்சியில் கல்விக் குழுவா, சட்டமன்றமா

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பள்ளிகளின் வரவுசெலவைத் தீர்மானிக்கும் கல்விக் குழுவுக்கான தேர்தலில் இரண்டு முறை நின்று, 2022இல் தோற்று, 2023இல் வென்றவன் நான். மாநில சட்டமன்றத் தேர்தலைப் பொறுத்தவரை, 2025 ஜூன் மாதம் நடந்த பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் நண்பர் ஒருவருக்காக நான்கு மாதங்கள் வேலை செய்ததுதான் என் அனுபவம், வேட்பாளராக நின்றதில்லை. ஆகவே இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும், அதை மறைக்கும் எண்ணமும் எனக்கில்லை. குடியுரிமை கிடைத்த கையோடு "நாமும் ஒரு தேர்தலில் நின்று பார்த்தால் என்ன?" என்று கேட்டுக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் முடித்துவிடலாம். கல்விக் குழுவுக்குப் பதினெட்டு வயதும் குடியுரிமையும் வாக்காளர் பதிவும் அந்தப் பள்ளி மாவட்டத்தில் ஓராண்டு வசிப்பும் போதும்; பதவிக்காலம் மூன்றாண்டு; சம்பளம் ஒரு சென்ட்கூடக் கிடையாது. சட்டமன்றத்தின் கீழவைக்கு 21 வயதும் மாநிலத்தில் ஈராண்டு வசிப்பும் வேண்டும், மேலவையான செனட்டுக்கு 30 வயதும் நான்காண்டு வசிப்பும் வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 2002 முதல் 49,000 டாலராகவே இருந்து, 2026 ஜனவரியில் 82,000 டாலரானது. சம்பளத்தைப் பார்த்து எந்தத் தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை, எனவே அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

உண்மையான வேறுபாடு மனுத் தாக்கல் செய்யும் மேசையிலேயே தொடங்குகிறது. நவம்பரில் கல்விக் குழுத் தேர்தல் நடத்தும் ஊர்களில், ஜூலை மாதக் கடைசித் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள், பத்து வாக்காளர்களின் கையொப்பங்களோடு கவுண்ட்டி (மாநிலத்தின் நிர்வாக உட்பிரிவு) கிளார்க் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தால் நீங்கள் வேட்பாளர். கட்சிச் சின்னம் கிடையாது, உட்கட்சித் தேர்தலும் கிடையாது. என் பத்துக் கையொப்பங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில், வாகன நிறுத்துமிடத்திலேயே வாங்கிவிடலாம் என்று போனேன். நாற்பது பேரைக் கேட்டதில் ஆறு பேர்தான் கையொப்பமிடத் தகுதி உள்ளவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பணி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தார்கள். குடியுரிமை பெற்றிருந்த சிலரோ வாக்காளராகப் பதிவு செய்யவே இல்லை. தங்கள் குழந்தைகள் படிக்கும் பள்ளியின் வரவுசெலவைத் தீர்மானிக்கும் குழுவுக்கு வாக்களிக்க இயலாத பெற்றோர் இத்தனை பேர் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. "நம்ம ஆட்கள் ஓட்டே போதும்" என்று கணக்குப் போட்டிருந்தவன், மீதி நான்கு கையொப்பங்களுக்கு என் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரரிடமும் அவர் மனைவியிடமும் எதிர்வீட்டு இரட்டையரிடமும் போனேன். தேர்தல் எப்படி இருக்கப் போகிறது என்பதை அந்த நான்கு கையொப்பங்களே சொல்லிக் கொடுத்தன.

சட்டமன்றத்துக்கான பிரைமரி மனுவுக்கு முன்பு 100 கையொப்பங்கள் போதுமாயிருந்தன. 2025 முதல் 250 வேண்டும். ஓடியாடினால் அதையும் வாங்கிவிடலாம். வாங்க முடியாதது கட்சியின் சம்மதம். நியூ ஜெர்சியில் நெடுங்காலமாக "கவுண்ட்டி லைன்" என்று ஒன்று இருந்தது: கட்சியின் கவுண்ட்டித் தலைமை ஆதரிக்கும் எல்லா வேட்பாளர்களையும் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அச்சிட்டு, மற்றவர்களைத் தூரத்து மூலையில் தள்ளிவிடும் முறை. மாநிலத்தின் 21 கவுண்ட்டிகளில் 19இல் இது நடந்தது. அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஆண்டி கிம் முதலானோர் தொடுத்த வழக்கில், 2024 மார்ச் மாதம், கூட்டாட்சி நீதிபதி ஜாகித் குரைஷி அந்த ஆண்டின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு இதைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு சட்டமே மாறியது. 2025 ஜூன் பிரைமரியில் ஒவ்வொரு பதவிக்கும் போட்டியிட்டவர்கள் ஒரே கட்டத்துக்குள் அருகருகே அச்சானார்கள்.

இனிப் புதியவருக்கும் வழி திறந்துவிட்டது என்று நம்பித்தான் என் நண்பர் நின்றார். வழி முன்பைவிட அகலம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வாக்குச்சீட்டின் வடிவம் மாறியதே ஒழிய, கட்சி மாநாட்டில் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றும் வழக்கமும், ஆதரவு பெற்றவருக்குக் கிடைக்கும் பணமும், வட்டச் செயலாளர்களின் தொலைபேசி அழைப்புகளும் அப்படியே இருந்தன. ஒரே ஒரு பிரைமரியைப் பார்த்துவிட்டு இதை முடிந்த முடிபாகச் சொல்லக்கூடாதுதான். இன்னும் இரண்டு மூன்று தேர்தல்கள் போனால் நிலைமை மாறியிருக்கலாம்.

மாநிலத்தில் 40 தொகுதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செனட்டரும் கீழவைக்கு இருவரும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2,32,000 மக்கள். வேலை முடிந்து வந்து, மாலையில் இரண்டு மணி நேரம் நடந்தால் இருபத்தைந்து கதவுகளைத் தட்டலாம், அவற்றில் பாதிக்கு மேல் திறக்காது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் முடிய என்னால் ஏறத்தாழ 1,800 வீடுகளுக்குப் போக முடிந்தது. முப்பதாயிரம் பேர் வாழும் ஊரில் அது கணிசமான எண்ணிக்கை. சட்டமன்றத் தொகுதியில் அதே 1,800 வீடுகள் கடலில் கரைத்த பெருங்காயம். மீதியைத் தபால் அட்டையும் விளம்பரமும்தான் நிரப்ப வேண்டும், அவற்றுக்குப் பணம் வேண்டும். எனக்கு இரண்டு தேர்தல்களுக்கும் சேர்த்து நாலாயிரம் டாலருக்குள் செலவானது. நண்பருக்கு ஒரு பிரைமரிக்கே நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

பணத்தைவிடவும், ஏன், வெற்றி வாய்ப்பைவிடவும், நான் பெரிதாக நினைப்பது தோல்விக்குப் பிறகு கையில் மிஞ்சுவதைத்தான். பழைய காரை வாங்கும்போது "நாளைக்கு விற்றால் என்ன விலை போகும்?" என்று கேட்கிற நாம், தேர்தலுக்குப் போகும்போது மட்டும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். புதிதாக நிற்பவர் முதல் முறை தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியானால் வெற்றியின் பலனை மட்டும் வைத்து ஒப்பிடுவது பாதிக் கணக்குதான்.

2022 நவம்பரில் மூன்று இடங்களுக்கு ஆறு பேர் நின்றோம். நான் நான்காவதாக வந்தேன், 212 வாக்குகளில் இடம் போனது. மறுநாள் காலை என்னிடம் மிஞ்சியிருந்தது நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடு. தெருவாரியாக, வீட்டு எண்வாரியாக, கதவு திறந்தவர் சொன்ன ஒரு வரியை அதில் எழுதி வைத்திருந்தேன்: "பேருந்து இருபது நிமிடம் தாமதம், குழந்தை இருட்டில் நிற்கிறது." "பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், வரி மட்டும் கட்டுகிறேன்." "நாய் உண்டு, கேட்டைத் திறக்காதே." அடுத்த ஓராண்டு மாதந்தோறும் குழுக் கூட்டத்துக்குப் போய், பொதுமக்களுக்கு ஒதுக்கிய மூன்று நிமிடத்தில் அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினேன். 2023இல் மறுபடியும் அதே கதவுகளைத் தட்டியபோது, பேருந்தைப் பற்றிச் சொன்ன அம்மையார் என் பெயரைத் தப்பாக உச்சரித்தாலும் முகத்தை மறக்கவில்லை.

இது என் சாமர்த்தியம் அல்ல. மூன்றாண்டுப் பதவிகளைச் சுழற்சி முறையில் அமைத்திருப்பதால், ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஆண்டுதோறும் ஏதேனும் மூன்று இடங்களுக்குத் தேர்தல் வருகிறது. தோற்றவர் பன்னிரண்டே மாதத்தில், சூடு ஆறுவதற்குள், திரும்ப நிற்கலாம். இடையில் ஓர் உறுப்பினர் விலகினால் மீதியுள்ள உறுப்பினர்களே 65 நாட்களுக்குள் ஒருவரை நியமிக்கலாம். நூலிழையில் தோற்று, கூட்டங்களுக்கும் தவறாமல் வந்துகொண்டிருப்பவரின் பெயர் அப்போது இயல்பாகவே நினைவுக்கு வரும்.

சட்டமன்றத்தில் இதற்கு நேர்மாறு. கீழவைக்கு ஈராண்டுக்கு ஒருமுறைதான் தேர்தல். இடையில் இடம் காலியானால், பதவியிலிருந்தவரின் கட்சியைச் சேர்ந்த கமிட்டி உறுப்பினர்கள் கூடி இடைக்கால உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் ஆதரித்த வேட்பாளரை எதிர்த்து நின்று தோற்றவரை அங்கே யார் நினைக்கப் போகிறார்கள்? என் நண்பரிடம் பிரைமரிக்கு மறுநாள் மிஞ்சியவை, கார் ஷெட்டில் கம்பியோடு அடுக்கிய முந்நூறு விளம்பரப் பலகைகளும், அச்சகத்துக்குத் தரவேண்டிய கடைசித் தவணையும். எட்டு நகரங்களில் அவருக்காகக் கதவு தட்டியவர்களில் பலர் பக்கத்துத் தொகுதிக்காரர்கள், அவர்கள் கேட்டறிந்ததெல்லாம் அவர்களோடே போய்விட்டது. இத்தனை ஆண்டுகள் கட்சிக் கூட்டங்களில் தோளில் கை போட்டுப் பேசியவர்கள், இப்போது கடையில் பார்த்தால் தலையசைத்துவிட்டு நகர்கிறார்கள். அவர் மறுபடி நிற்க 2027 வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. இப்போது மாநில செனட்டராக இருக்கும் வின் கோபால் 2011இல் கீழவைக்கு நின்று தோற்றவர். தோற்ற கையோடு மான்மத் கவுண்ட்டியில் தன் கட்சியின் தலைவராகி, அமைப்பைக் கட்டி, 2017இல் செனட் தேர்தலில் வென்றார். ஆனால் அவர் 2011இல் கட்சியின் வேட்பாளராக எதிர்க்கட்சியிடம் தோற்றவர், கட்சியை எதிர்த்துத் தோற்றவர் அல்லர். இரண்டு தோல்விகளுக்கும் பின்னால் மிஞ்சுவது ஒன்றல்ல.

மற்றபடி, சட்டமன்றத்துக்குப் போன இந்திய வம்சாவளியினரில் பலர் உள்ளூர்ப் படியில் கால் வைத்தே ஏறியிருக்கிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த உபேந்திர சிவுகுலா, பிராங்க்ளின் நகராட்சியில் மன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருந்த பிறகே 2001இல் கீழவைக்குத் தேர்வானார். ஆசிரியரான பல்வீர் சிங் பர்லிங்டன் நகரியத்தின் கல்விக் குழுவில் தொடங்கி, கவுண்ட்டி ஆணையராகி, 2025 ஜனவரியில் கீழவைக்குள் நுழைந்தார். ஹெர்ப் கானவே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனதால் காலியான இடத்துக்கு, மேலே சொன்ன அதே கமிட்டி முறையில்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கல்விக் குழுவை இவ்வளவு புகழ்ந்த பிறகு அதன் வறட்சியையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆளுநர் வரவுசெலவு உரை நிகழ்த்திய இரண்டு நாட்களுக்குள், ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் எவ்வளவு மாநில உதவி என்ற எண் வெளியாகும். அந்த எண்ணைத் தீர்மானிப்பது 2008ஆம் ஆண்டின் பள்ளி நிதிச் சட்டம். அதைத் திருத்தும் அதிகாரம் மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் உட்கார்ந்திருக்கும் 120 பேருக்குத்தான் உண்டு. எங்களால் உள்ளூர் வரியையும், சில விலக்குகள் போக, ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றவும் மனம் வராது, ஏனெனில் மாநிலத்தில் சராசரிச் சொத்து வரி 2024இல் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது, அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கே போகிறது. இசை ஆசிரியரை வைத்துக்கொள்வதா, வாசிப்புத் துணை ஆசிரியரை வைத்துக்கொள்வதா என்று இரவு பதினொன்றரை மணிக்கு வாக்கெடுப்பு நடத்தும்போது, இதைச் சரிசெய்யக்கூடியவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வராமல் இருக்காது. நிதிச் சூத்திரத்தை மாற்றுவதே உங்கள் நோக்கம் என்றால், கல்விக் குழு அதற்கான இடம் அல்ல.

வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. தனி உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை, குழுவாகக் கூடி வாக்களித்தால் மட்டுமே அதிகாரம். பள்ளி நெறிமுறைச் சட்டத்தின்படி உறவினர்களின் வேலை, வருமான விவரங்களை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். என் மனைவி பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை, எங்கள் ஊர் ஆசிரியர்கள் இருக்கும் அதே மாநில ஆசிரியர் சங்கத்தின் உறுப்பினர். எனவே எங்கள் ஊர் ஆசிரியர்களுடன் ஊதிய ஒப்பந்தப் பேச்சு நடக்கும் காலத்தில் நான் எழுந்து வெளியே போய், நடைவழியில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வரைந்த பெங்குவின்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குழு எடுக்கும் மிகப் பெரிய நிதி முடிவு உள்ளே நடந்துகொண்டிருக்கும். ஆசிரியர் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் மனுவில் கையெழுத்திடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு வென்ற பிறகுதான் தெரிந்தது.

வென்ற பிறகு சட்டமன்ற உறுப்பினரின் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி நான் பேசுவது முறையல்ல. வெளியிலிருந்து பார்க்கையில், அவருக்கு அலுவலகமும் ஊழியர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது.

என் பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிகிறது. அதே ஆண்டு செனட்டுக்கும் கீழவைக்கும் சேர்த்து 120 இடங்களுக்கும் தேர்தல் வருவதால், "அடுத்து அங்கேதானே?" என்று சிலர் இப்போதே கேட்கிறார்கள். எதற்கும் நான் குறிப்பேட்டைத் தூக்கிப் போடவில்லை. நண்பர் சென்ற மாதம் எங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும், தன் ஊரில் ஜூலைக் கடைசித் திங்களுக்குள் மனுக் கொடுக்க எத்தனை கையொப்பம் வேண்டும் என்று கேட்டார். பத்து என்றேன். சிரித்துவிட்டார்.